சோதனை நிரலுக்குத் தனிக்குடித்தனம்

பிஎச்பி நிரல்மொழியில் ஐந்தாம் பதிப்பு உண்டு, ஏழாம் பதிப்பு உண்டு, எட்டும் உண்டு. ஆறு மட்டும் வெளிவரவே இல்லை. புதிதாக அந்த மொழிக்கு வருகிறவர்கள் இதைக் கவனித்துக் காரணம் கேட்பார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் கைவிட நேர்ந்தது என்று பார்க்கப் போனால், மென்பொருள் குழுக்கள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழும் ஒரு கேள்வியில் போய் நிற்போம். பாதி வெந்த சோதனை நிரலை எங்கே வைப்பது?

2005 வாக்கில் பிஎச்பியை முழுக்க யூனிகோடு மொழியாக்கும் வேலை தொடங்கியது. மொழிக்குள் புழங்கும் எழுத்துச் சரங்களை யுடிஎஃப்-16 வடிவத்தில் வைத்துக்கொள்வது திட்டம். எண்ணம் நல்லதுதான். வேலையோ நினைத்ததைவிடப் பெரிது. நினைவகத் தேவை ஏறியது, வேகம் இறங்கியது, மொழியோடு வரும் எண்ணற்ற செயற்கூறுகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. இது கூடப் பெரிய குற்றமில்லை. சோதனை என்றால் அப்படித்தான் இருக்கும். வேலை நடந்த இடம்தான் வினையாயிற்று. நிரலை அதன் மாற்றங்களின் வரலாற்றோடு வைத்திருக்கும் களஞ்சியத்தின் அடிமரமே, அதாவது எல்லோருடைய புதிய நிரலும் வந்து சேர வேண்டிய முதன்மை வரிசையே, ஆறாம் பதிப்பாகியிருந்தது. அது முடியும்வரை அங்கிருந்து எதையும் வெளியிட வழியில்லை. பயனர்களுக்குப் போய்ச் சேர்ந்த ஐந்தாம் வரிசைப் பதிப்புகள், அடிமரத்திலிருந்து பிரிந்து தனியே வளரும் கிளைகளிலிருந்து வந்தன. ஆறுக்கென்று வைத்திருந்த பெயர்வெளி போன்ற வசதிகளை 2009 ஜூனில் வந்த 5.3-இலேயே சேர்த்துவிட்டார்கள். புதிதாக ஒன்றைச் செய்ய நினைத்தவர் இரண்டு இடத்தில் எழுத வேண்டும்; இல்லையென்றால் வெளிவருமா என்றே தெரியாத இடத்தில் எழுத வேண்டும். கடைசியில் 2010 மார்ச்சில் அந்த அடிமரத்தை அப்படியே ஒரு கிளைக்குத் தள்ளிவிட்டு, 5.3-ஐ ஒட்டிப் புதிய அடிமரம் தொடங்கினார்கள்.

நான்கு ஆண்டுகளில் அதே மொழியில் இன்னொரு பெரிய சோதனை நடந்தது. உட்புறத் தரவு அமைப்புகளை மாற்றியெழுதி வேகத்தைக் கூட்டும் முயற்சி. பிஎச்பிஎன்ஜி என்று பெயர். இது தனிக் கிளையில் வளர்ந்தது. அடிமரம் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. வேர்ட்பிரஸ் போன்ற நிஜப் பயன்பாடுகளை ஓட்டி அளந்து காட்டினார்கள். 2014 ஆகஸ்டில் வாக்கெடுப்பு முடிந்து அது அடிமரத்தில் சேர்ந்தது. 2015 டிசம்பரில் ஏழாம் பதிப்பாக வெளிவந்தது. எண் ஆறைத் தாண்டிப் போனதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. வராத ஆறாம் பதிப்பைப் பற்றி அதற்குள் புத்தகங்கள் விற்பனைக்கு வந்திருந்தன.

இந்த இரண்டு கதைகளோடு நிறுத்திக்கொண்டால், சோதனையைத் தனியே வை, தீர்ந்தது என்று தோன்றும். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. தனியே வைத்ததாலேயே வீணாய்ப் போன சோதனைகள் இருக்கின்றன. முதன்மைக் களஞ்சியத்துக்குள்ளேயே கிடந்து உருப்பட்ட சோதனைகளும் இருக்கின்றன. சுவர் எங்கே எழும்பியது என்பதைப் போலவே, அந்தச் சுவரைக் காக்கும் வேலை யார் தலையில் விழுந்தது, திரும்பி வர அதில் கதவு வைத்தார்களா என்பதையும் கேட்டாக வேண்டும். பல தோல்விகள் இந்த இரண்டாம் கேள்வியில்தான் நடக்கின்றன.

மேலே போகுமுன் ஒரு சொற்சங்கடம். டெஸ்ட் என்பதற்கும் எக்ஸ்பெரிமென்ட் என்பதற்கும் தமிழில் சோதனை என்றே சொல்லிவிடுகிறோம். இங்கே சோதனை என்றால் பின்னதுதான். முன்னதை டெஸ்ட் என்றே எழுதுகிறேன்.

ஏன் பிரிக்க வேண்டும் என்பதில் அதிக விவாதம் இல்லை. முதன்மைக் களஞ்சியம் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு வாக்கு. இன்று காலை எடுத்தாலும் அது பில்ட் ஆகும், அதாவது ஓடக்கூடிய மென்பொருளாகத் தொகுபடும், டெஸ்ட்டுகள் தேறும், அவசரப் பழுது ஒன்று வந்தால் மாலைக்குள் திருத்தி வெளியிடலாம். சோதனை நிரலால் இந்த வாக்கைக் கொடுக்க முடியாது; கொடுக்கவும் கூடாது. நாளைக்குத் தூக்கி எறியப்போவதற்கு டெஸ்ட் எழுதுவது வீண் வேலை. பெயர்கள் அரைகுறையாக இருக்கும், பிழைகளைக் கவனிக்காமல் விட்டிருக்கும். அந்தச் சுதந்திரம் இல்லாவிட்டால் யாரும் எதையும் முயன்று பார்க்க மாட்டார்கள். இரண்டு விதிகள் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். பெரும்பாலும் தளர்ந்த விதிதான் வெல்லும்.

கிளை மலிவு, இணைப்பு மலிவில்லை

பிரிப்பதற்கான கருவிகள் ஒரு காலத்தில் பயமுறுத்தின. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்க 1980-களில் பிறந்த சிவிஎஸ் என்ற கருவியில் கிளை பிரிக்கலாம். ஆனால் அதை இரண்டாம் முறை அடிமரத்தோடு இணைக்கும்போது, முதல் முறை எதுவரை இணைத்தோம் என்பது கருவிக்குத் தெரியாது. மனிதர்தான் அடையாளம் இட்டு நினைவில் வைத்திருக்க வேண்டும். அதன் இடத்தைப் பிடிக்க வந்த சப்வெர்ஷனுக்கே இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளும் வசதி 2008 ஜூனில் வந்த 1.5 பதிப்பில்தான் கிடைத்தது. ஆகவே கிளை என்றாலே பலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சோதனை செய்ய விரும்பியவர் களஞ்சியத்தை ஒரு கோப்புறையில் நகலெடுத்து, அதற்குப் பின்னால் "புதியது", "புதியது 2", "கடைசி" என்று பெயரிட்டு வைத்துக்கொள்வார். இந்தப் பழக்கம் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய கிட் என்ற கருவி இந்தப் பயத்தைப் போக்கியது. வழக்கமான அமைப்பில் கிட் கிளை என்பது 41 பைட் கொண்ட ஒரு சிறு கோப்பு: கமிட்டின், அதாவது பதிந்து வைத்த ஒரு மாற்றத்தின், 40 எழுத்து அடையாளமும் ஒரு வரிமுடிவும். நொடியில் பிரிக்கலாம், நொடியில் அழிக்கலாம். 2015-இல் வந்த வொர்க்ட்ரீ வசதியால் ஒரே களஞ்சியத்தின் இரண்டு கிளைகளை இரண்டு கோப்புறைகளில் அருகருகே திறந்து வைத்தும் வேலை செய்யலாம்.

பிரிவது மலிவானதும், சேர்வதும் மலிவாகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டோம். வரிகளை ஒட்டுவது மலிவானது உண்மைதான். ஒட்டிய வரிகளின் பொருள் சேர்கிறதா என்று கிட்டுக்குத் தெரியாது. ஓர் உதாரணம். அடிமரத்தில் காத்திருப்பு நேரத்தை வினாடிகளில் வாங்கும் ஒரு செயற்கூறு இருக்கிறது. நீங்கள் கிளையில் உட்கார்ந்து மூன்று மாதம் சோதனை செய்கிறீர்கள். புதிய கோப்புகளில் அதை 30 என்ற எண்ணோடு பல இடங்களில் அழைத்திருக்கிறீர்கள். அதே மூன்று மாதத்தில் அடிமரத்தில் வேறொருவர் அதை மில்லிவினாடிக்கு மாற்றி, தமக்குக் கண்ணில் பட்ட அழைப்புகளை எல்லாம் ஒழுங்காகத் திருத்திவிட்டார். உங்கள் கிளை அவர் கண்ணில் படவில்லை. இணைக்கும்போது இருவரும் ஒரே வரியைத் தொடவில்லை என்பதால் மோதல் எதுவும் வராது. பில்ட் ஆகும். அரை நிமிடம் காத்திருக்க வேண்டிய நிரல் கண்ணிமைப்பதற்குள் பொறுமை இழந்து பிழை எறியும். குற்றவாளி யார் என்று தேடினால் இருவருடைய கமிட்டிலும் தவறு இருக்காது.

கிளை வாழும் ஒவ்வொரு நாளும் இந்த வகைக் கடன் ஏறுகிறது. அடிமரத்தின் மாற்றங்களை அடிக்கடி கிளைக்குள் இழுத்துக்கொள்வது வட்டி கட்டுவது போல. ஒருமுறை தீர்த்த மோதலை நினைவில் வைத்து மறுமுறை தானே தீர்க்கும் ரீரீரீ என்ற வசதி கிட்டில் இருக்கிறது. விசித்திரமான பெயர், நல்ல வேலைக்காரன். ஆனால் அசலைக் குறைக்கும் வழி வேறு. சோதனைக்கு முன்தேவையாக இருக்கும் சீரமைப்புகளைச் சோதனையிலிருந்து பிரித்தெடுத்து, அவற்றை மட்டும் முதலில் அடிமரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அவை தம்மளவிலேயே பயனுள்ளவையாக இருந்தால் யாரும் மறுக்கப்போவதில்லை. உண்மையிலேயே நிச்சயமற்ற பகுதி மட்டும் வெளியே நிற்கும். அது பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடச் சிறியதாக இருக்கும்.

இருபது ஆண்டு வெளியே நின்ற பேட்ச்

இந்த வழியை மிக நீண்ட காலம் பொறுமையாகக் கடைப்பிடித்தவர்கள் லினக்ஸின் நிகழ்நேரப் பணியில் ஈடுபட்டவர்கள். தொழிற்சாலை எந்திரங்கள், ஒலிப்பதிவுக் கருவிகள் போன்றவற்றுக்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதற்கான ப்ரீஎம்ப்ட் ஆர்டி என்னும் பேட்ச் தொகுதி, அதாவது கெர்னல்மேல் ஒட்டவேண்டிய மாற்றங்களின் கட்டு, 2004, 2005 வாக்கில் உருவாகத் தொடங்கியது. முதன்மைக் கெர்னல் மரத்தில் அதன் கடைசித் துண்டு சேர்ந்தது 2024 செப்டம்பரில். வெளிவந்தது நவம்பரில், 6.12 பதிப்பில். இருபது ஆண்டு ஒரு தொகுதி வெளியே நின்றது என்றால் அதைத் தோல்வி என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த இருபது ஆண்டும் துண்டு துண்டாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இன்று கெர்னலில் எல்லோரும் சாதாரணமாகப் பயன்படுத்தும், ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் மியூடெக்ஸ் பூட்டுகள், நுண்ணிய நேரங்காட்டிகள், பூட்டுகளைப் பிழையான வரிசையில் எடுத்தால் கண்டுபிடிக்கும் லாக்டெப், உள்ளே நடப்பதைத் தடம்பிடிக்கும் எஃப்ட்ரேஸ் எல்லாம் இந்தச் சோதனையின் பட்டறையிலிருந்தோ அதன் தேவையிலிருந்தோ வந்தவை. நிகழ்நேரம் வேண்டாதவர்களுக்கும் அவை பயன்பட்டன. அதனால்தான் கதவு திறந்தே இருந்தது.

அதே கெர்னல் தன் சொந்த வளர்ச்சிக்கு வேறு பாடம் கற்றது. ஒரு காலத்தில் பதிப்பு எண்ணின் நடுவிலக்கம் ஒற்றைப்படை என்றால் சோதனை வரிசை, இரட்டைப்படை என்றால் நிலையான வரிசை. 2.5 என்ற சோதனை வரிசை 2001 நவம்பரில் தொடங்கி, 2003 டிசம்பரில் 2.6 ஆக முடிந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் புதிய வசதிகள் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். பயனர்கள் காத்திருக்கவில்லை. லினக்ஸ் வழங்கும் நிறுவனங்கள் 2.5-இன் வசதிகளைத் தாங்களே பிய்த்தெடுத்துத் தங்கள் 2.4 கெர்னலில் ஒட்டி விற்றன. நிலையானது என்று பெயர் பெற்ற வரிசை நடைமுறையில் ஆளுக்கொன்றாகச் சிதறியது. சோதனை வரிசையையோ போதிய பேர் ஓட்டிப் பார்க்கவில்லை. சுவர் இருபுறமும் கெடுத்தது.

அதன்பின் ஒற்றைப்படை வரிசையே எடுக்கப்படவில்லை. இப்போது இரண்டு வாரம் இணைப்புக் காலம், பிறகு ஏழெட்டு வாரம் பழுது நீக்கம், வெளியீடு, மறுபடி இணைப்புக் காலம். அடுத்த சுற்றுக்கு வரப்போகிற வேலைகள் 2008-இலிருந்து லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற மரத்தில் வேலை நாள்தோறும் ஒன்றுசேர்க்கப்பட்டுப் பார்க்கப்படுகின்றன. அந்த மரம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது. யாரும் அதன்மேல் வீடு கட்டக்கூடாது. நாளைய மோதலை இன்றே பார்த்துவிடுவதற்கான ஒத்திகை மேடை அது. கிட் திட்டமும் தனக்குள் இதே ஏற்பாட்டை வைத்திருக்கிறது. நெக்ஸ்ட் என்ற கிளையில் ஓரளவு பக்குவப்பட்டவை; சீன் என்ற கிளையில், பராமரிப்பவர் கண்ணில் பட்டது என்பதற்கு மேல் எந்த உறுதியும் இல்லாதவை.

வீட்டுக்குள்ளேயே தனி அறை

சில சோதனைகளை வெளியே நிறுத்தினால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே விட்டால் வீடு கெடும். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வழியாகக் கெர்னலில் ஸ்டேஜிங் என்ற கோப்பகம் 2008-இல் 2.6.28 பதிப்போடு வந்தது. தரம் எட்டாத டிரைவர்கள், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்கள், அங்கே இருக்கலாம். ஒவ்வொன்றோடும் இன்னும் என்னென்ன சரிசெய்ய வேண்டும் என்ற பட்டியல் இருக்க வேண்டும். அங்கிருந்து ஒரு டிரைவரை ஏற்றினால் கெர்னல் தன்மேல் கறை படிந்ததாகக் குறித்துக்கொள்ளும். பிறகு பிழை அறிக்கை வரும்போது அந்தக் கறை கண்ணில் படும். கெர்னல் நிரலில் அந்தக் குறிக்கு வைத்திருக்கும் பெயர் நேரடியாகவே "குப்பை" என்று பொருள்படுவது. நாகரிகம் குறைவு, தெளிவு அதிகம்.

அந்த அறையில் குடியிருந்தவர்களில் எனக்குப் பிடித்தது ஆண்ட்ராய்டு நிரல்களின் கதை. 2.6.29-இல் ஸ்டேஜிங்குக்கு வந்தார்கள். அந்த நிரல்களைச் சீர்செய்ய யாரும் முன்வரவில்லை. 2010-இன் தொடக்கத்தில் வந்த 2.6.33-இல் வெளியேற்றப்பட்டார்கள். உலகில் கோடிக்கணக்கான கருவிகளில் ஓடப்போகிற நிரல் என்ற சலுகை கிடைக்கவில்லை. 2012-இல் 3.3 பதிப்பில், வேலை செய்ய ஆட்களோடு, மறுபடி வந்தார்கள். அவற்றில் முக்கியமான, ஓடும் நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் பைண்டர் 2015-இல் 3.19 பதிப்பில் ஸ்டேஜிங்கை விட்டு முறையான இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அறைக்கு வாடகை உண்டு, அது உழைப்பாகத்தான் வசூலிக்கப்படும்.

எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் எல்எல்விஎம் கம்பைலர் திட்டம் இதையே ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறது. புதிய செயலிக்கான, அதாவது ப்ராசசருக்கான, பகுதி முதலில் சோதனை இலக்கு என்ற தகுதியோடு முதன்மைக் களஞ்சியத்துக்குள் வரலாம். வழக்கமான பில்டில் அது சேராது. வேண்டியவர் தனியே கேட்டு வாங்க வேண்டும். இன்னொருவருடைய மாற்றத்தால் அது உடைந்தால், பழுது பார்ப்பது அந்தச் சோதனையை வளர்ப்பவர்களின் பொறுப்பு. ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கான பகுதி இப்படி உள்ளேயே சோதனையாக வளர்ந்து, 2019 செப்டம்பரில் வந்த ஒன்பதாம் பதிப்பில் முழுத் தகுதி பெற்றது. நிரல் ஒரே களஞ்சியத்தில்தான் இருந்தது. பிரித்து வைக்கப்பட்டது பொறுப்பு.

அறைக்குள் இருந்தவர் வீட்டு விதிக்கு ஒத்துவராமல் போவதும் உண்டு. பிகேஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 2024 ஜனவரியில் வெளிவந்த 6.7 கெர்னலில் சோதனை முத்திரையோடு சேர்ந்தது. பயனர்களின் தரவைக் காப்பாற்ற வேண்டிய திருத்தங்கள் உடனுக்குடன் போக வேண்டும் என்றார் அதை எழுதியவர். இணைப்புக் காலம் முடிந்தபின் புதிய வசதி வரக்கூடாது என்றது கெர்னல் ஒழுங்கு. இரு தரப்பு வாதத்திலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். வேகமாக மாற வேண்டிய ஒன்றையும் மெதுவாக நகர வேண்டிய ஒன்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள். 2025-இல் 6.17 பதிப்பில் அது வெளியே பராமரிக்கப்படுவது என்று குறிக்கப்பட்டது, 6.18-இல் நிரலே நீக்கப்பட்டது.

லினக்ஸை முழு இயங்குதளமாகத் தொகுத்து வழங்கும் விநியோகங்களிலும் இதே அறை உண்டு. டெபியனில் எக்ஸ்பெரிமென்டல் என்ற தொகுப்பு வரிசை இருக்கிறது. அது முழுமையான இயங்குதளம் இல்லை. அதைப் பட்டியலில் சேர்த்தாலும் நிறுவல் கருவி தானாக அங்கிருந்து எதையும் எடுக்காது. பெயர் சொல்லிக் கேட்டால்தான் கொடுக்கும். ரஸ்ட் மொழியில் முடிவாகாத வசதிகளை ஒவ்வொரு இரவும் வெளிவரும் நைட்லி கம்பைலரில் மட்டும், கோப்பின் தலையில் அறிவித்துவிட்டுத்தான் பயன்படுத்தலாம்.

சுவிட்ச் போட்டு மறைப்பது

இன்னொரு பள்ளி, கிளையே வேண்டாம் என்கிறது. எல்லோரும் அடிமரத்திலேயே எழுதுங்கள், முடியாத வசதியை ஒரு சுவிட்சுக்குப் பின்னால் மறைத்து வையுங்கள் என்கிறது. தொழிலில் ஃபீச்சர் ஃப்ளாக் என்பார்கள். கூகுள் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட விவரப்படி, அதன் ஒரே களஞ்சியத்தில் சுமார் 200 கோடி வரி நிரல் இருந்தது; நீண்டகாலக் கிளைகள் அங்கே அரிது. இதன் பலம், மேலே சொன்ன வினாடி-மில்லிவினாடி விபத்து நேராது என்பது. திருத்துகிறவர் கண்ணில் உங்கள் சோதனையும் படும்.

பலவீனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1 சாட்சி. நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் புதிய வர்த்தக நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு சர்வர் விடுபட்டுப்போனது. புதிய நிரலை இயக்க அவர்கள் தேர்ந்தெடுத்த சுவிட்ச், 2003-இலேயே பயன்பாட்டிலிருந்து விலகிய பவர் பெக் என்ற பழைய நிரலுக்குச் சொந்தமாக இருந்தது. பழைய நிரலை யாரும் அழித்திருக்கவில்லை. சந்தை திறந்ததும் ஏழு சர்வர்கள் புதியதை ஓட்டின. எட்டாவது, ஒன்பது ஆண்டு தூங்கியதை எழுப்பிவிட்டது. 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள், 46 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பு என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையத்தின் உத்தரவு பதிவு செய்திருக்கிறது. கிளையாக இருந்திருந்தால் அந்தப் பழைய நிரல் பட்டியலின் அடியில் யாருக்கும் தீங்கில்லாமல் தூசி படிந்து கிடந்திருக்கும். சுவிட்சுக்குப் பின்னால் இருப்பது ஒவ்வொரு வெளியீட்டிலும் பயணம் செய்கிறது. ஆகவே சுவிட்சை வைக்கிற அன்றே அதை எடுக்கும் தேதியையும், எடுக்கப்போகிறவர் பெயரையும் எழுதி வைக்கச் சொல்லும் குழுக்களை நான் மதிக்கிறேன்.

சுவர் நிரலுக்கு மட்டும் எழும்பி, அது தொடும் உலகுக்கு எழும்பாமல் போவது இன்னொரு வழக்கமான பிழை. இதை நானே செய்திருக்கிறேன். ஒரு சோதனைக்குத் தனிக் களஞ்சியம், தனிச் சர்வர் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன். அமைப்புக் கோப்பை மட்டும் முதன்மையிலிருந்து அப்படியே நகலெடுத்தேன். பயனர்களின் கோரிக்கைகள் வந்து நிற்கும் செய்தி வரிசையின் பெயரும் கடவுச்சொல்லும் அதில் அப்படியே இருந்தன. என் சோதனை நிரல் அந்த வரிசையில் இரண்டாவது ஆளாகப் போய் நின்று, நிஜப் பயனர்களின் கோரிக்கைகளில் பாதியை வாங்கி, அச்சிட்டுப் பார்த்துவிட்டு எறிந்துகொண்டிருந்தது. கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. தரவுத்தளம், வரிசை, சாவி, மின்னஞ்சல் அனுப்பும் வழி ஆகியவற்றைப் பிரிக்காமல் கிளையை மட்டும் பிரிப்பது திரைச்சீலையால் வெள்ளத்தைத் தடுப்பது. அந்தக் கடவுச்சொல்லும் அந்தக் களஞ்சியத்தின் வரலாற்றில் இன்னும் இருக்கிறது. மாற்றிவிட்டோம் என்பதால் இதைச் சொல்ல முடிகிறது.

என்ன திரும்பி வருகிறது

தோற்ற சோதனையிலிருந்தும் ஏதாவது திரும்பி வர வேண்டும். பைத்தான் மொழியை ஐந்து மடங்கு வேகமாக்கும் நோக்கத்தோடு 2009-இல் அன்லேடன் ஸ்வாலோ என்ற தனிக் கிளை தொடங்கியது. அதை முதன்மைக்குள் சேர்க்கும் முன்மொழிவும் எழுதப்பட்டது. பின்பு திரும்பப் பெறப்பட்டது. வேகம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. ஆனால் அதற்காக எழுதிய வேக அளவீட்டுத் தொகுப்பு தங்கிவிட்டது. பைத்தானின் வேகத்தைப் பின்னால் வந்தவர்கள் அளந்த கோல் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அதே மொழியில், ஒரு நேரத்தில் ஒரே நூலிழையை (த்ரெட்) ஓடவிடும் ஜில் பூட்டை எடுக்கும் முயற்சிகளும் வெளியேதான் தொடங்கின. 2016-இல் பேசப்பட்ட ஜிலெக்டமி பூட்டை எடுத்துக் காட்டியது, வேகம் பறிபோயிற்று. 2021-இல் வந்த நோஜில் பூட்டை எடுத்தும் வேகத்தைப் பெருமளவு காப்பாற்றியது. அப்போதும் அதை நேரே உள்ளே விடவில்லை. 2023-இல் ஏற்றபோதே, சுமை தாங்காவிட்டால் திரும்ப எடுத்துவிடுவோம் என்ற நிபந்தனை இருந்தது. 2024 அக்டோபரின் 3.13-இல் தனி பில்டாக, சோதனை என்ற பெயரோடு வந்தது. 2025 அக்டோபரின் 3.14-இல் சோதனை என்ற பெயர் நீங்கியது, தனி பில்ட் என்ற நிலை நீங்கவில்லை. வெளியே கிளை, உள்ளே தனி பில்ட், பிறகு ஆதரவுள்ள பில்ட் என்று படிப்படியாகச் சுவரைத் தாழ்த்திக்கொண்டே வருகிறார்கள்.

மொஸில்லா 2012-இல் தொடங்கிய செர்வோ, முழு உலாவி எஞ்சினையும் ரஸ்டில் எழுதிப் பார்க்கும் சோதனை. முழு எஞ்சினாக அது ஃபயர்பாக்ஸில் குடியேறவில்லை. பக்கத்தின் தோற்றத்தைக் கணக்கிடும் அதன் நடையமைப்புப் பகுதி 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57-இல் வந்தது. மூட்டுகளில் பிரித்தெடுக்கும்படி எழுதியிருந்ததால் ஒரு பகுதியாவது பெயர்ந்து வர முடிந்தது. எதிர்த்திசைக் கதையும் ஒன்று உண்டு. ஜிசிசி கம்பைலரின் மெதுவான போக்கில் பொறுமையிழந்தவர்கள் 1997-இல் ஈஜிசிஎஸ் என்று பிரிந்துபோனார்கள். பெயரிலேயே சோதனை என்ற சொல் இருந்தது. 1999 ஏப்ரலில் பழையதை ஒதுக்கிவிட்டு, அந்தச் சோதனையே அதிகாரபூர்வ ஜிசிசி ஆயிற்று. வீட்டைவிட்டுப் போனவருக்கே வீட்டுச் சாவி கிடைத்தது.

இறந்த சோதனையை அடக்கம் செய்வதற்கும் ஒரு முறை வேண்டும். கிட்டில் கிளையை அழித்துவிட்டால், வேறு எதுவும் சுட்டாத கமிட்டுகளைப் பற்றிய நினைவுக் குறிப்பு இயல்பாக 30 நாளில் காலாவதியாகும். பிறகு துப்புரவு ஓடும்போது நிரலும் போய்விடும். ஆகவே கடைசிக் கமிட்டுக்கு ஒரு டேக், அதாவது நிலையான பெயர்ச்சீட்டு, இட்டு வைத்துவிட்டுக் கிளையை அழிப்பது நல்லது. அந்த டேகின் செய்தியில் எதை முயன்றோம், எந்த எண் வந்தபோது கைவிட்டோம் என்று நான்கு வரி எழுதினால் போதும். இரண்டு ஆண்டு கழித்து அதே யோசனையோடு உற்சாகமாக வருகிற புதியவருக்கு அதைக் காட்டலாம்.

ஜாவா உலகில் இப்போது வெக்டர் ஏபிஐ, வல்ஹல்லா என்ற இரண்டு சோதனைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே முன்னோட்ட வசதியைப் பயன்படுத்தித் தொகுத்த கோப்பில் எந்தப் பதிப்பின் முன்னோட்டம் என்பது பொறிக்கப்பட்டுவிடும். அடுத்த பதிப்பு அதை ஓட்ட மறுக்கும். சோதனை வசதியின்மேல் யாரும் நிரந்தர வீடு கட்டாமலிருக்க இவ்வளவு கறார். முன்னோட்டத்துக்கும் முந்திய படி, இன்குபேட்டர். பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிட உதவும் வெக்டர் ஏபிஐ, 2021-இல் வந்த ஜாவா பதிப்பான ஜேடிகே 16-இல் அந்தப் படியில் ஏறியது. 2025 செப்டம்பரில் வந்த ஜேடிகே 25-இல் பத்தாவது முறையாக அதே படியில் நின்றது. அதன் நிரலில் பெரிய குறை என்று யாரும் சொல்லவில்லை. வல்ஹல்லா என்ற வேறொரு சோதனையின் வசதிகள் முதன்மை மரத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கிறது. வல்ஹல்லா 2014-இலிருந்து தன் தனிக் களஞ்சியத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது.